வலது மூலையில் நிற்கிற சாமி

ஜூலை 3, வியாழன்

துணிக்கடை லிஃப்ட் மறுபடியும் தரைக்கு நான்கு விரல் மேலே நின்றுவிட்டது. பையோடு வெளியே வந்த ஓர் அம்மா தடுக்கி விழப் பார்த்தார். திட்டு எனக்கு. லிஃப்டைச் செய்தவன் எங்கேயோ இருக்கிறான், விற்றவன் எங்கேயோ இருக்கிறான், வாங்கிக்கட்டிக்கொள்ள மட்டும் மெக்கானிக்.

வீட்டுக்கு வந்தால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பு பற்றவைத்த அறிகுறி இல்லை. கேட்கலாமா வேண்டாமா என்று டிவிக்குப் பின்னால் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் பாவனை செய்தேன். பிறகு கேட்டேன். நாட்டிய வகுப்பில் திட்டு வாங்கியிருக்கிறாள். சரிதான், இன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே ராசி.

விஷயம் இது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு, இவள் சின்ன வயதில் பாதியில் விட்ட பரதநாட்டியத்தை மறுபடி பிடித்துக்கொண்டாள். பகலில் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை, சாயங்காலம் நாட்டியம். ஆகஸ்ட் இரண்டாம் தேதி வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சி. அதில் தனியாக ஒரு பாட்டுக்கு ஆட இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாயகி இறைவனுக்காகக் காத்திருக்கிறாள், அவர் தாமதமாக வருகிறார், இவள் கோபித்துக்கொள்கிறாள், கடைசியில் மனம் இரங்குகிறாள். அவ்வளவுதான் கதை. காலுக்கு வேலை குறைவு, எல்லாம் முகத்திலும் கண்ணிலும். அந்த இறைவன் மேடைக்கு வருவதே இல்லை. இவள் பார்க்கிற பார்வையை வைத்துத்தான் அவர் எங்கே நிற்கிறார் என்று சபைக்குத் தெரிய வேண்டும்.

இவளுடைய சாமி ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறாராம்.

"முதல் வரியில வலது பக்கம் நிக்கிறார். அடுத்த வரியில இடது பக்கம் போயிட்டார். ஒரு நேரம் எட்டடி உயரம், ஒரு நேரம் மூணடி. அக்கா, அவருக்கு ஒரு இடம் பிடிச்சுக் குடுங்க. இல்லன்னா இந்தப் பாட்டை பேங்க்கம்மாவுக்குக் குடுத்துடுவேன்" என்றாளாம் டீச்சர். டீச்சர் எங்கள் மகளைவிட நாலைந்து வயது பெரியவள், அவ்வளவுதான். ஆனால் வகுப்பில் நடுங்குவது இவள். பேங்க்கம்மா என்பது வங்கியில் அதிகாரியாக இருக்கிற இன்னொரு மாணவி. அவர் கேட்டது கேட்டபடி ஆடுவாராம், வியர்ப்பதுகூட இல்லையாம்.

"அவங்களுக்குப் போச்சுன்னா நான் வகுப்புக்கே போகமாட்டேன்" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. "ஓஹோ" என்றேன். அது தப்பான பதில் என்று அவள் எழுந்து போன வேகத்தில் தெரிந்தது.

ஜூலை 4, வெள்ளி

"என்னங்க, அந்த வலது மூலையில கொஞ்சம் போய் நில்லுங்க" என்றாள். பல்லி ஏதாவது விரட்ட வேண்டும்போல என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். செருப்பைக் கீழே போடச் சொன்னாள். நான் சாமியாம்.

ஜூலை 6, ஞாயிறு

என் உயரம் போதவில்லை. ஐந்தடி நாலு அங்குலத்தில் இறைவன் இருக்கமாட்டார் என்று ஸ்டூல் போட்டாள். ஏறி நின்றேன். மின்விசிறி காதுக்குப் பக்கத்தில் சுற்றியது. அதை நிறுத்தச் சொன்னேன். வியர்த்தது. இறைவனுக்கு வியர்க்கக் கூடாதென்று துண்டை எடுத்து வீசினாள்.

பாட்டைப் போனில் போட்டாள். ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்த்தாள், தலையைச் சரிசெய்தாள், கதவைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. கல்யாணமான புதிதில்கூட இவள் இப்படிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. யாரையோ பார்க்கிறாள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தேன். காலண்டர்தான் தொங்கியது.

"என்ன திரும்புறீங்க? சாமி திரும்பக் கூடாது."

"நீ யாரையோ பாக்குற மாதிரி இருந்துச்சு."

"உங்களைத்தான் பாத்தேன்." ஒரு விநாடி கழித்து, "அதாவது, சாமியை" என்றாள்.

அந்த 'அதாவது' தேவையா? சொல்லாமல் விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஜூலை 8, செவ்வாய்

சாமிக்கான சட்டதிட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன. பேசக் கூடாது. சொறியக் கூடாது. கொட்டாவி விடக் கூடாது. நேற்றுத் தும்மல் வந்தது, அடக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மனம் உருகி அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் கண் கலங்கி, பாட்டை ரொம்ப நன்றாகச் செய்தாள். உண்மையைச் சொல்லவில்லை.

காலையில் வண்டியை எடுக்கும்போது எதிர்வீட்டுக்காரர் வந்து மெதுவாக, "சார், வீட்ல எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்றார்.

"ஏன்?"

"ஒண்ணும் இல்ல. ஜன்னல் திறந்திருந்துச்சு. ரெண்டு நாளா நீங்க ஸ்டூல் மேல நிக்கிறீங்க. மேடம் எதிர்ல நின்னு கையை நீட்டி நீட்டி என்னமோ கேக்குறாங்க. நீங்க வாயே திறக்கல."

"நான் சாமி சார்" என்றேன். வேறு எப்படி விளக்குவது? சாயங்காலம் என்னைப் பார்த்ததும் அவர் வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

வகுப்பிலிருந்து படி ஏறும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள். "சாமி வந்துட்டாராங்க! டீச்சரே சொன்னாங்க, இப்பதான் அவர் கண்ணுக்குத் தெரியுறார்னு!"

பேங்க்கம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "போங்க, அவங்க பாவம்" என்றாள், பிறகு அதை நடித்தே காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று? கேஸ் வந்துச்சா, சாவி எங்க, கரண்ட் பில் கட்டியாச்சா. மகள் போனபிறகு எங்கள் உரையாடல் மொத்தமும் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

முட்டி வலி. நேற்று முழுக்க லிஃப்ட் குழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்த வினை. ஸ்டூலில் ஏற முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் யோசித்தாள், பிறகு பரவாயில்லை என்றாள். டீ குடித்தேன். நடுவில் சூப்பர்வைசரிடமிருந்து மெசேஜ், பதில் போட்டேன். சாமி என்றால் கால் கடுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டுமென்று எங்கே எழுதியிருக்கிறது?

ஜூலை 15, செவ்வாய்

எனக்கு அந்த டீச்சரை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இன்று இவள் வகுப்பில் ஆடி முடித்ததும் டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, உங்க சாமி உக்காந்துட்டாரா?" என்றாளாம். இவள் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

"போன வாரம் நல்லா நின்னாரே! இப்ப உங்க பார்வை இடுப்பு உயரத்துக்கு இறங்கிருச்சு. அதுவும் நடுநடுவுல அவர் கையைப் பாக்குறீங்க. கையில என்ன வெச்சிருக்கார்?"

"டீ" என்று சொல்லிவிட்டாளாம் இவள். மறைக்கத் தெரியாத ஜென்மம்.

"அப்புறம் மூணாவது வரியில திடீர்னு எரிச்சல் வந்துச்சே, அது ஏன்?"

"அவர் போனைப் பாத்தாரு டீச்சர்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. பேங்க்கம்மா சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டாராம். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தச் சாமியை நான் பாக்கணும்" என்றாளாம்.

நாளைக்கு வருகிறாள்.

ஜூலை 16, புதன்

வந்தாள். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். காபி வேண்டாம் என்றாள். "எங்க நிப்பீங்க சார்?" என்றாள். காட்டினேன். என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் நிற்கிற லட்சணத்தை யாரும் இப்படிச் சோதித்ததில்லை.

"சார் நிக்கும்போது இடது பக்கம் சாயுறீங்க. அதான் அக்காவோட சாமியும் சாஞ்சே இருக்கார். நேரா நில்லுங்க."

நின்றேன்.

"ஸ்டூல் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். தரையில நில்லுங்க. சாமியை அக்கா உயர்த்திக்கட்டும். நீங்க உயர வேண்டாம்."

பிறகு பாட்டைப் பார்த்தாள். காத்திருப்பது பிரமாதம் என்றாள். கோபம்தான் வரவில்லையாம். தாமதமாக வந்தவரைப் பார்த்து இவள் புருவத்தை நெரிக்கிறாள், கையை வீசுகிறாள், எல்லாம் செய்கிறாள், ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

"கிளினிக்ல டோக்கன் குடுக்குற முகம் அக்கா இது. பத்து நிமிஷம் உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்னு சாமிகிட்ட சொல்றீங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவள் என்னை முறைத்தாள். "அந்தா! அந்த முறைப்பு!" என்று கத்தினாள் டீச்சர். அதற்குள் முறைப்பு போய்விட்டது.

போகும்போது, இன்னும் பத்து நாளில் கோபம் வராவிட்டால் பாட்டு பேங்க்கம்மாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவள் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். பாவமாக இருந்தது. எனக்கே கோபம் வந்தது, ஆனால் என் கோபம் யாருக்கு வேண்டும்?

ஜூலை 19, சனி

அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர், ஒருவர் ஓயாமல் தன் வக்கீலைப் பற்றியே பேசினார். வெளியே எடுத்து, ரிப்போர்ட் எழுதி, வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்து நேரமாகிவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. சாயங்காலம் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கதவைத் திறந்தாள். மூலையைக் காட்டினாள். கிரீஸ் கையோடு போய் நின்றேன். பாட்டைப் போட்டாள்.

அம்மாடி.

புருவம் நெரிக்கவே இல்லை. முகம் அசையாமல் இருந்தது. கண் மட்டும் என் தலையிலிருந்து கால்வரை இறங்கி, திரும்ப ஏறியது. எனக்கு முத்திரை ஒன்றும் தெரியாது, ஆனால் இன்று ஒவ்வொன்றும் புரிந்தது. அந்தக் கை, ஒழுகுகிற குழாய். ஊர் லிஃப்டை எல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் ஒழுகிக்கொண்டே இருக்கிற அந்தக் குழாய்தான், சந்தேகமே இல்லை. இந்தக் கை, மகளை ரயிலேற்றிவிட நான் வராமல் போன நாள். பிறகு இரண்டு கையையும் விரித்து, இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள்.

நான் எங்கே போனேன்? இதே வீட்டில்தானே இருந்தேன்! சொல்ல வாயெடுத்தேன். சாமி பேசக் கூடாது.

பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்றாள். அவள் குரல் சாதாரணமாகிவிட்டது. எனக்குத்தான் ஆகவில்லை.

ஜூலை 21, திங்கள்

வகுப்பில் கோபம் அபாரமாம். டீச்சர் எழுந்து நின்றுவிட்டாளாம். "எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "அவர் லேட்டா வந்தாரு" என்றிருக்கிறாள். "அப்ப தினம் லேட்டா வரச் சொல்லுங்க" என்று உத்தரவு.

ஜூலை 22, செவ்வாய்

வேலை சீக்கிரம் முடிந்தும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நேரம் போகவில்லை. வேண்டாத ஒரு டீயும் வேண்டவே வேண்டாத ஒரு பிஸ்கட்டும். தாமதமாக வீட்டுக்குப் போனால் அவள் மலர்ந்த முகத்தோடு கதவைத் திறந்து, "வந்துட்டீங்களா! சரியா லேட்டா வந்திருக்கீங்க!" என்கிறாள். இதில் கோபம் எங்கிருந்து வரும்?

"குழாயை நினைச்சுக்கோ" என்றேன். உடனே வந்துவிட்டது. நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

ஜூலை 26, சனி

பாட்டு இவளுக்கே என்று உறுதியாகிவிட்டது. பேங்க்கம்மாவே வந்து கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னாராம். நல்ல மனுஷிதான் போலிருக்கிறது.

கூடவே இன்னொரு செய்தி. "இனிமே சார் வேண்டாம்" என்றாளாம் டீச்சர். சாமி இப்போது கண்ணுக்குள் வந்துவிட்டாராம், இனி ஆள் நின்றால் இடைஞ்சலாம்.

"நீங்க டிவி பாருங்க. உங்களுக்கும் முட்டி வலி" என்றாள் இவள், கருணையோடு.

சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? விடுதலைதானே? பிறகு ஏன் எரிகிறது?

ஜூலை 27, ஞாயிறு

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெறும் மூலை. அதை அப்படிப் பார்க்கிறாள். அதே பார்வை, ஒரு துளி குறையவில்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் நான் அங்கே நின்றது, துணி காயப்போடுகிற ஸ்டாண்ட் நின்றமாதிரிதானா?

சுவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மனுஷன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். சீ.

மத்தியானம் இஸ்திரி மேசையை எடுத்துக்கொண்டுபோய் அந்த மூலையில் போட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் அதைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மகள் போனில்: "அப்பா, அம்மா ஆடும்போது நீங்க முன்னாடி உக்காராதீங்க, டீச்சர் சொல்லிட்டாங்க. உங்களைப் பாத்தா சாமி ரெண்டு இடத்துல இருக்குற மாதிரி ஆயிடுமாம்."

நான் வரவேமாட்டேன் என்றேன். "அப்பா" என்றாள், அவள் அம்மா மாதிரியே. சரி, வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

அரங்கத்தின் பின்னால், இடது பக்கம் மேலே, விளக்குப் போடுகிறவரின் சின்ன அறையில் என்னை உட்காரவைத்தார்கள். மேடை அங்கிருந்து சாய்வாகத் தெரிந்தது. இவள் வந்தாள். சலங்கைச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்ததை விட்டால், இதுவரை இவள் ஆடுவதை நேருக்கு நேராகத்தான் பார்த்திருக்கிறேன். இன்றுதான் பக்கத்திலிருந்து முழுசாகப் பார்க்கிறேன். காத்திருந்தாள், கதவைத் திறந்தாள், வலது பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் அந்தப் பக்கம் திரும்பின, யார் வந்தது என்று பார்க்க!

விளக்குக்காரர் என் காதில், "சார், இவங்க யாரைப் பாக்குறாங்க? அங்க ஒருத்தர் நிக்கிறாரா? லைட் போடட்டுமா?" என்றார்.

"போடாதீங்க. கூச்சப்படுவார்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு கையை எடுத்துவிட்டார்.

கோபம் வந்தபோது அரங்கமே அடங்கிவிட்டது. என் பக்கத்தில் விளக்குக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவர் வீட்டில் என்ன ஒழுகுகிறதோ. பிறகு மனம் இரங்குகிற இடம். இவள் மெதுவாக அந்த ஆளிடம் நடந்தாள். அப்போதுதான் கவனித்தேன். எட்டடிச் சாமி இல்லை. ஸ்டூல் உயரமும் இல்லை. பார்வை தன் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் போகிறது. சாமி இடது பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கிறார். டீச்சர் அவ்வளவு சொல்லியும்!

காலில் விழுந்து வணங்க வேண்டிய இடம் அது. வணங்குவதற்கு முன்னால் இவள் கையை உயர்த்தினாள். உள்பக்கம் மடங்கியிருந்த காலரை வெளியே எடுத்துவிட்டாள். ஒரு விநாடிதான். பிறகு குனிந்து வணங்கினாள்.

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மடங்கித்தான் இருந்தது. என் சட்டை எப்போதும் அப்படித்தான்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் டீச்சர், "அக்கா, பிரமாதம், பிரமாதம். ஆனா கடைசியில என்ன பண்ணீங்க? சாமி சட்டையா போட்டிருந்தார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியல டீச்சர். கை போயிடுச்சு" என்றாள் இவள். என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் ஏறினோம். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "நல்லா இருந்துச்சு" என்றேன். முட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாள் முழுக்கத் தூங்கினாள். யார் யாரோ போன் செய்தார்கள். நான்தான் எடுத்து நன்றி சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கேஸ் வந்துச்சா. வந்துச்சு. சாவி எங்க. ஷெல்ஃப்ல.

மூலையில் இப்போது இஸ்திரி மேசை. அவளே கொண்டுவந்து போட்டாள். இனி நிற்பதற்கு எனக்கு வேலை இல்லை. அவளுக்கும் பார்ப்பதற்கு இல்லை. இப்படியே இருந்துவிடுவோமா?

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்தாள். பையை வைத்தாள். இஸ்திரி மேசையை நகர்த்தினாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க."

"அதுக்குள்ள அடுத்த பாட்டா?"

"பாட்டு ஒண்ணும் இல்ல. சும்மா நில்லுங்க."

போய் நின்றேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். போனில் பாட்டு ஓடவில்லை, கையில் முத்திரை இல்லை. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நீ வந்து நில்லு" என்றேன்.

"நானா? எதுக்கு?"

"நில்லேன்."

நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வரவேற்பு மேசைச் சிரிப்பு ஒன்று வந்தது, பிறகு அதுவும் போய் அவள் முகம் மட்டும் இருந்தது. வலது புருவத்தின் நடுவில், முடி முளைக்காத ஒரு சின்னக் கோடு. தழும்பு.

"இது எப்ப வந்துச்சு?"

தடவிப் பார்த்துக்கொண்டாள். "இதா? அலமாரிக் கதவு இடிச்சுது. சமையலறையில. மேல் கீல் கழண்டு கதவு தொங்குதே, அது. ஆச்சு, மூணு வருஷம் இருக்கும்."

கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இரண்டு திருகாணி. கால்மணி நேர வேலைகூட இல்லை. அவள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள்.